ஹிப்னாடிசம்: மெஸ்மரா, கோவாப் பாதிரியாரா, சித்தர்களா?

ஹிப்னாடிசத்தைக் கண்டுபிடித்தவர் மெஸ்மர் என்று படித்திருக்கிறீர்கள். கோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. சித்தர்களின் வசியத்தையும் நோக்கு வர்மத்தையும்தான் வெள்ளைக்காரன் பெயர் மாற்றிக் கொண்டுபோனான் என்கிறார் உங்கள் நண்பர். எது சரி என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "உண்மையிலேயே ஒருவர் இன்னொருவரின் மனதைத் தன் வசப்படுத்த முடியுமா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரி என்றுதான் எனக்குப் படுகிறது. அதையே பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஏனென்றால் ஹிப்னாடிசத்தின் வரலாறு முழுக்க அந்த ஒரு சண்டைதான்: சக்தி செய்பவரிடம் இருக்கிறதா, செய்துகொள்பவரிடம் இருக்கிறதா?

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். பல வருடங்களாக அறுவை அரங்கில்தான் பிழைப்பு. ஹிப்னாசிஸில் ஓரளவு பயிற்சி உண்டு, நோயாளிகளிடம் அளவாகப் பயன்படுத்துகிறேன். வரலாற்று ஆய்வாளன் அல்ல. பிரெஞ்சு மூலங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நண்பரின் வாதம். ஒருவர் தன்னை மறந்த நிலைக்குப் போவதும், அந்த நிலையில் வலி தெரியாமல் இருப்பதும் உலகம் முழுக்க மிகப் பழைய விஷயம். நம் ஊரில் சாமியாடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், அலகு குத்திக்கொண்டு காவடி எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பழைய கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரில் அஸ்கிலிபியஸ் கோயிலில் நோயாளிகள் இரவு தங்கித் தூங்கி, கனவில் குணம் தேடினார்கள். இதெல்லாம் நிச்சயம். ஆனால் இவற்றை "அன்றைய ஹிப்னாடிசம்" என்று சொல்வது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டு. நம் நூல்களில் வரும் அஷ்டகர்மத்தில், அதாவது எட்டு மாந்திரீக வேலைகளில், வசியம், மோகனம், தம்பனம் எல்லாம் உண்டு. ஆனால் அவை மந்திரம், யந்திரம், மூலிகை என்று வேறு வழியில் போகிறவை. அங்கிருந்து வியன்னாவுக்கோ பாரிஸுக்கோ ஏதாவது நூலோ சீடரோ போனதற்கு ஆதாரம் கிடையாது. பார்வையாலேயே ஆளை வீழ்த்தும் நோக்கு வர்மமும், சினிமாவில் வருகிற மாதிரி, எந்தச் சோதனையிலும் நிரூபிக்கப்பட்டதில்லை. திருட்டுக் குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

இனி மெஸ்மர். ஃப்ரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் 1734-இல் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவம் படித்து, 1766-இல் கிரகங்கள் மனித உடலைப் பாதிக்கும் விதம் பற்றி ஆய்வேடு எழுதினார். அதில் கணிசமான பகுதி ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கில மருத்துவரின் சரக்கு என்பது பிறகு தெரியவந்தது. 1774-இல் ஒரு பெண் நோயாளிக்குக் காந்தத் துண்டுகளை உடலில் வைத்துச் சிகிச்சை செய்தார். அவள் தேறினாள். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு: பிரபஞ்சம் முழுக்க ஒரு நுண்ணிய திரவம் ஓடுகிறது, அது உடலில் தடைபட்டால் நோய், ஓட்டத்தைச் சரிசெய்தால் குணம். கொஞ்ச நாளில் காந்தம்கூடத் தேவையில்லை, என் கையே போதும் என்று ஆகிவிட்டது. இதற்கு அவர் வைத்த பெயர் விலங்குக் காந்தம்.

1777-இல் பார்வையற்ற இளம் பியானோக் கலைஞர் மரியா தெரேசியா பாரடிஸுக்கு அவர் செய்த சிகிச்சை பெரிய தகராறில் முடிய, 1778-இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே கூட்டம் அலைமோதியது. தண்ணீரும் இரும்புத் தூளும் புட்டிகளும் நிரம்பிய ஒரு பெரிய மரத்தொட்டி, அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகள், கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருக்கும் சீமான்கள், சீமாட்டிகள், பின்னணியில் கண்ணாடி ஹார்மோனிகா இசை. ஒருவர் வலிப்பு வந்ததுபோல் துடிப்பார், அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: மெஸ்மரிடம் வந்தவர்கள் தூங்கவில்லை. ஹிப்னாடிசம் என்றதும் நம் மனதில் வரும் காட்சி எதுவும் அங்கே இல்லை. அதனால் அவரை ஹிப்னாடிசத்தின் தந்தை என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

1784-இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழு போட்டார். அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் நம்ப முடியாது: பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியர், வானியலாளர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின். (பின்னாளில் லவாய்சியரும் பெய்லியும் அதே கில்லட்டின் பெயர் தாங்கிய இயந்திரத்தில்தான் தலையிழந்தார்கள்.) மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை. அவருடைய சீடர் டெஸ்லோன்தான் செய்து காட்டினார். ஃபிராங்க்ளினுக்கு வயதும் உடல்நலமும் இடம் கொடுக்காததால் சோதனைகளில் சில பாரிஸ் பக்கம் பாஸியில் அவர் வீட்டிலேயே நடந்தன.

அங்கே தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் டெஸ்லோன் "காந்தம் ஏற்றினார்". பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். நான்காவது மரத்தில் அவன் மயங்கி விழுந்தான். அது காந்தம் ஏற்றிய மரம் இல்லை. இன்னொரு சோதனையில், கதவுக்கு அந்தப் பக்கம் டெஸ்லோன் இருக்கிறார், உனக்குக் காந்தம் செலுத்துகிறார் என்று ஒரு பெண்ணிடம் சொன்னார்கள். அங்கே ஆளே இல்லை. சில நிமிடங்களில் அவளுக்கு உடல் உதறத் தொடங்கிவிட்டது. லவாய்சியர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரிசையாகக் கோப்பைகளில் தண்ணீர் கொடுத்தார்கள். சாதாரணத் தண்ணீருக்கு மயங்கினாள். தெளிய வைக்கக் கொடுத்தது காந்தம் ஏற்றிய தண்ணீர், அதை நிம்மதியாகக் குடித்தாள்! இன்று எந்த மருந்தைச் சோதித்தாலும் நோயாளிக்குத் தெரியாமல் வெற்று மாத்திரையோடு ஒப்பிடுகிறோமே, அந்த முறைக்கு இதுதான் ஆரம்பகால முன்மாதிரி. திரவம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தார்கள்.

அறிக்கை சரிதான். ஆனால் "கற்பனைதான்" என்று எழுதிவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது என் குறை. கற்பனை ஒரு பையனைத் தரையில் விழவைக்க முடியும் என்றால், அதுவே ஆராய வேண்டிய பெரிய விஷயம் இல்லையா? அந்தக் கேள்வியைக் கையில் எடுக்க இன்னும் முப்பது வருடம் ஆயிற்று.

அதே 1784-இல் சுவாஸோன் பக்கம் புசான்சி என்ற ஊரில் புய்செகூர் பிரபு தன் பண்ணையாள் விக்டர் ராஸுக்குக் காந்தச் சிகிச்சை செய்யப் போக, அந்த இளைஞன் துடிக்கவில்லை. அமைதியாகத் தூங்கிப்போனான். தூக்கத்திலேயே பேசினான், சொன்னபடி கேட்டான், விழித்ததும் எதுவும் நினைவில்லை. நாம் இன்று ஹிப்னாடிசம் என்று அடையாளம் காணும் நிலையை முதலில் தெளிவாக விவரித்தவர் புய்செகூர்தான். அவரும் திரவத்தை நம்பினார், ஆனால் அதை இயக்குவது செய்பவரின் மன உறுதி என்றார். ஆக, சக்தி இன்னும் செய்பவரிடமேதான்.

இங்கேதான் உங்கள் கோவாப் பாதிரியார் வருகிறார். வாட்ஸ்அப் இந்த ஒரு தடவை பாதி சரி. ஜோசே குஸ்டோடியோ டி ஃபாரியா 1756-இல் கோவாவின் கண்டோலிமில் பிறந்தார். பெற்றோர் பிரிந்து, அப்பா பாதிரியாராகவும் அம்மா கன்னியாஸ்திரியாகவும் ஆனார்கள். 1771-இல் பதினைந்து வயதில் அப்பாவோடு லிஸ்பன் போனார். பிறகு ரோமில் இறையியலில் முனைவர் பட்டம். 1787-இல் கோவாவில் போர்த்துகீசிய ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று பிடித்தார்களே, பின்டோ சதி, அதோடு அப்பா, மகன் இருவர் பெயரும் சேர்த்துப் பேசப்பட்டது. அடுத்து பாரிஸுக்குப் போய் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கலவரத்திலும் கலந்துகொண்டார். 1813-இல் பாரிஸில் க்ளிஷி தெருவில் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு வகுப்பும் செய்முறை விளக்கமும் நடத்த ஆரம்பித்தார்.

அவர் செய்தது எளிமையானது. தொட்டி கிடையாது, கம்பி கிடையாது, கையை வீசித் தடவுவது கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடித் தூக்கத்தை நினைக்கச் சொல்வார். பிறகு அதட்டும் குரலில் ஒரே வார்த்தை: "தூங்குங்கள்!" சிலர் தூங்கினார்கள், பலர் தூங்கவில்லை. இதற்கு அவர் கொடுத்த விளக்கம்தான் முக்கியம். காந்தமும் இல்லை, திரவமும் இல்லை, என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை, நடப்பதெல்லாம் தூங்குகிறவரின் மனக்குவிப்பாலும் நம்பிக்கையாலும் நடக்கிறது என்றார். யார் சீக்கிரம் போவார், யார் போகமாட்டார் என்பது அவரவர் இயல்பு என்றும் சொன்னார். அந்த இயல்புக்கு அவர் காட்டிய காரணம், இரத்தம் நீர்த்திருப்பது, தவறு. மற்றது பெரும்பாலும் இன்றைக்கும் நிற்கிறது.

இந்த அறிவு அவருக்கு இந்தியாவிலிருந்து வந்ததா? அவரே தன் புத்தகத்தின் முகப்பில் "பிராமணர், இறையியல் முனைவர்" என்று போட்டுக்கொண்டார். குடும்பம் பிராமணர்களிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து வயதில் ஊரை விட்டுப் போனவர், பாதிரியார் வீட்டில் வளர்ந்தவர், யோகம் கற்றுக்கொண்டு போனார் என்பதற்கு ஒன்றும் காட்ட முடியாது. புத்தகம் முழுக்க இறையியலும் பாரிஸ் காந்தக்காரர்களோடு சண்டையும்தான். "பிராமணர்" என்ற பட்டத்துக்குப் பாரிஸில் ஒரு கவர்ச்சி இருந்திருக்கும், அதை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பது என் ஊகம்.

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கேலி. ஒரு விருந்தில் கானரிக் குருவியைக் காந்த சக்தியால் கொல்வதாகச் சொல்லி ஃபாரியா தோற்றுப்போனதை எழுத்தாளர் சாதோப்ரியான் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார், குருவிதான் ஜெயித்ததாம். நையாண்டியாகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்னிடம் சக்தியே இல்லை என்று சொன்ன மனிதர் அப்படிப் பந்தயம் கட்டுவாரா என்பதும் யோசிக்க வேண்டியது. 1819-இல் புத்தகத்தின் முதல் தொகுதி வந்தது, அதே வருடம் ஆளும் இறந்துபோனார். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மான்டே கிறிஸ்டோ பிரபு' நாவலில் சிறைக்குள் வரும் ஃபாரியா பாதிரியாருக்குப் பெயர் இவரிடமிருந்து போனதுதான், கதை வேறு. பணஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் 1945-இல் வைத்த சிலை இருக்கிறது. அடுத்த முறை போனால் பாருங்கள்: சாய்ந்து விழும் ஒரு பெண்ணின் மேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். எந்த முறையைத் தப்பு என்றாரோ அதே பாவனையில் வடித்துவைத்திருக்கிறார்கள்!

பெயர் வந்தது இன்னும் கொஞ்சம் பின்னால். 1841 நவம்பரில் மான்செஸ்டரில் லாஃபோன்டேன் என்ற பிரெஞ்சுக்காரரின் மெஸ்மரிசக் காட்சியை, மோசடியைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடு பார்க்கப் போனார் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். மேடையில் மயக்கப்பட்ட ஆளால் கண்ணிமையைத் திறக்க முடியாமல் போனது நடிப்பு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒரு நண்பரை மதுப் புட்டியின் கழுத்தையும், மனைவியைச் சீனிக் கிண்ணத்தையும் இமைக்காமல் பார்க்கச் சொன்னார். இருவரும் அந்த நிலைக்குப் போனார்கள். 1843-இல் புத்தகம் எழுதி ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பினார். அந்தக் குடும்பத்துச் சொற்களை பிரான்ஸில் 1820 வாக்கிலேயே ஒருவர் உருவாக்கியிருந்தார், ஆனால் நிலைத்தது பிரெய்டால்தான்.

இனி என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள கட்டம், இதுவும் இந்தியாவில் நடந்தது. ஜேம்ஸ் எஸ்டெய்ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், வங்காளத்தில் ஹூக்ளியில் வேலை. 1845 ஏப்ரல் 4 அன்று இரண்டு பக்கமும் விரைவீக்கம் உள்ள ஒரு கைதிக்குச் சிகிச்சை செய்தார். நீரை எடுத்துவிட்டு உள்ளே எரிச்சல் தரும் மருந்தைச் செலுத்துவது அன்றைய வழக்கம், வலி தாங்க முடியாது. கைதி துடித்ததைப் பார்த்து, படித்து மட்டுமே தெரிந்திருந்த மெஸ்மரிசத்தை முயன்றார். உடலுக்கு மேலே கையை நகர்த்திக்கொண்டே இருக்க, வலியால் துடித்த ஆள் அசைவற்றுப் போனார். அன்றைக்கு ஈதரும் கிடையாது, குளோரோபார்மும் கிடையாது. வங்காளத்தில் யானைக்கால் நோயால் விதைப்பை பல கிலோ எடைக்கு வீங்கியவர்கள் ஏராளம். அவர்களை இந்த முறையில் அறுத்துச் சரிசெய்ய ஆரம்பித்தார். இருட்டறையில் படுக்கவைத்து மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், கையை அசைத்த வேலை பெரும்பாலும் எஸ்டெய்லுடையது இல்லை. ஆஸ்பத்திரியின் உள்ளூர் உதவியாளர்கள்தான் அந்தப் பாட்டைப் பட்டார்கள். 1846-இல் அரசு ஒரு குழு போட்டுப் பார்த்து, கல்கத்தாவில் அவருக்கென ஒரு மெஸ்மரிச மருத்துவமனையே தற்காலிகமாகக் கொடுத்தது.

இதில் எது நிச்சயம்? சாட்சிகள் முன்னிலையில் மயக்க மருந்து இல்லாமல் பெரிய அறுவைகள் நடந்தன, நோயாளிகளில் பலர் எதுவும் தெரியவில்லை என்று சொன்னார்கள். எது சந்தேகம்? குழுவினர் பார்த்தவர்களிலேயே சிலர் முகத்தைச் சுளித்தார்கள், உடலை முறுக்கினார்கள், ஆனால் விழித்தபின் வலி நினைவில்லை என்றார்கள். மயக்க மருந்து கொடுப்பவனாக இது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தியாசம்: வலி இல்லாமல் இருப்பது ஒன்று, வலித்தது நினைவில் இல்லாமல் போவது வேறு. அடுத்து, மெஸ்மரிசத்துக்கு மசியாதவர்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே கழிந்துவிடுவார்கள். இறப்பு நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைந்தது என்று எஸ்டெய்ல் கணக்குக் காட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க முறையான எதிர்க்குழு இல்லாத கணக்கு அது. அப்புறம், வெள்ளைக்கார டாக்டர், கைதியும் கூலியாளும் நோயாளிகள். அந்த இடத்தில் "வலிக்கிறது ஐயா" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

எப்படியிருந்தாலும் காலம் அவருக்கு எதிராகப் போய்விட்டது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் ஈதரைச் செய்துகாட்டினார், 1847-இல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் வேலை செய்யும், சில நிமிடங்களில் வேலை செய்யும். 1851-இல் எஸ்டெய்ல் இந்தியாவை விட்டுப் போனார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-களில் பாரிஸில் ஷார்கோ, ஹிப்னாசிஸ் ஹிஸ்டீரியா நோயாளிகளுக்கே உரிய நரம்புக் கோளாறு என்றார். நான்சி நகரில் லியெபோவும் பெர்னெய்மும், யாருக்கும் வரக்கூடிய சாதாரண மன இயல்பு, எல்லாம் கருத்தேற்றம்தான், அதாவது சொல்லால் ஒரு எண்ணத்தை மனதில் பதிய வைப்பதுதான் என்றார்கள். நான்சிக்காரர்கள் ஜெயித்தார்கள். பெர்னெய்ம் இந்தக் கொள்கையின் முதல் உரிமையை ஃபாரியாவுக்கே கொடுத்தார். ஃபிராய்டு இரண்டு இடத்துக்கும் போய்க் கற்றுக்கொண்டு, சில வருடங்களில் ஹிப்னாசிஸைக் கைவிட்டுத் தன் வழியில் போய்விட்டார். 1933-இல் கிளார்க் ஹல் எழுதிய புத்தகத்தோடு ஆய்வகச் சோதனைகள் சூடுபிடித்தன. 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் யார் எவ்வளவு எளிதில் ஹிப்னாசிஸுக்கு உட்படுவார் என்று அளக்கும் அளவுகோலைத் தந்தார்கள். ஒருவருடைய அளவு இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரிதாக மாறுவதில்லை என்று பிறகு தெரிந்தது. செய்பவர் யார் என்பதைவிடச் செய்துகொள்பவர் யார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபாரியா சொன்னதுதான்.

இன்னும் தீராத சண்டை ஒன்று உண்டு: இது விழிப்பிலிருந்து வேறுபட்ட தனி மனநிலையா, இல்லை எதிர்பார்ப்பும் ஈடுபாடும் சேர்ந்த சாதாரண நடத்தையா? மூளைப் படங்களில் வலி சார்ந்த பகுதிகளின் செயல்பாடு கருத்தேற்றத்துக்கு ஏற்ப மாறுவது தெரிகிறது, 1997-இல் ரென்வில் குழுவினர் அதைக் காட்டினார்கள். ஆகவே வெறும் நடிப்பு இல்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் இரண்டு கட்சியிலும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன், அது என் சாய்வு மட்டுமே.

சரி, உங்கள் மூன்று பேர் பட்டியலுக்கு என் தீர்ப்பு: கதவைத் தட்டியவர் மெஸ்மர், உள்ளே இருந்த நிலையை முதலில் விவரித்தவர் புய்செகூர், அது என்னவென்று சரியாகச் சொன்னவர் ஃபாரியா, பெயரைப் பரப்பியவர் பிரெய்டு. சித்தர்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் தேடுவது அவர்களுக்கே தேவையில்லாத வேலை.

மனதை வசப்படுத்த முடியுமா என்ற வரிக்கு: நினைப்பது போல் முடியாது. எளிதில் உட்படும் ஒருவர், நம்பும் ஒருவரிடம், தானும் ஒத்துழைத்தால் வியப்பான விஷயங்கள் நடக்கும். பஸ்ஸில் கண்ணைப் பார்த்தே நகையைக் கழற்ற வைத்தார்கள் என்ற செய்திகளில் ஏமாற்றுப் பேச்சையும் மயக்கப் பொருளையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் ஒரு ஆபத்து நிஜமானது: ஹிப்னாசிஸில் "மீட்ட" நினைவுகளில் கற்பனை கலந்துவிடும், சம்பந்தப்பட்டவரோ அதை முழு உறுதியோடு நம்புவார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982-லேயே அப்படிப்பட்ட சாட்சியத்தைக் கட்டுப்படுத்தியது. முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பயன் உண்டா என்றால், உண்டு, குறிப்பிட்ட சிலவற்றில். எரிச்சல் கொண்ட குடல் நோய்க்கு மான்செஸ்டரில் வோர்வெல் 1984-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து நல்ல ஆதாரம் சேர்ந்திருக்கிறது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரில் ஃபேமோன்வில் என்ற மயக்க மருந்து மருத்துவரின் குழு 1992 முதல், தைராய்டு போன்ற அறுவைகளை ஹிப்னாசிஸ், அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி, லேசான அமைதி மருந்து, மூன்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் என்பதைக் கவனியுங்கள். நான் செய்வது அதைவிடச் சின்னது: முதுகில் ஊசி போடும் முன் பயந்திருப்பவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லி, அவருக்குப் பிடித்த இடத்தைப் பற்றி மெதுவாகப் பேசவைப்பது. சிலருக்கு அமைதி மருந்து குறைவாகவே தேவைப்படுகிறது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மருந்தை மட்டும் யாருக்கும் தயாராக எடுத்துவைக்காமல் இருந்ததில்லை.